லாரா ஏன் ஓடிப்போகவில்லை? ‘தி வுமன் இன் ஒயிட்’ நாவலின் திகிலுக்கு அடியில் இருக்கும் சட்டம்

வில்கி காலின்ஸ் எழுதிய ‘தி வுமன் இன் ஒயிட்’ நாவலை இன்று முதல்முறையாகப் படிக்கிறவர்கள் பாதிக் கதையில் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். லாரா பணக்கார வீட்டுப் பெண். துணைக்குப் புத்திசாலியான அக்கா இருக்கிறாள். புருஷன் மோசமானவன் என்பது கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே தெரிந்துவிடுகிறது. அப்புறமும் ஏன் அந்த வீட்டிலேயே கிடக்கிறாள்? கிளம்பிப் போனால் என்ன? உயிரோடு இருக்கும் ஒருத்தியைச் செத்துப்போனதாகச் சொன்னால் ஊரும் உறவும் நம்பிவிடுமா? கதாசிரியர் தன் வசதிக்குக் கதாநாயகியை அசடாக்கிவிட்டார் என்று பலர் முடிவுகட்டுகிறார்கள்.

1859-60-ல் இதை வாராவாரம் தொடராகப் படித்த இங்கிலாந்து வாசகர்கள் இந்தக் கேள்விகளில் சிக்கியிருக்க வாய்ப்பில்லை. பதில்கள் அவர்களுக்குத் தெரிந்தவை. லாராவுக்கு நடப்பதில் பெரும்பகுதி சட்டப்படியே நடக்கக்கூடியது. ஆள்மாறாட்டம் என்ற ஒரே ஒரு மோசடியைத்தான் வில்லன்கள் வெளியிலிருந்து சேர்க்கிறார்கள். மிச்சத்தை இங்கிலாந்துச் சட்டமே செய்துகொடுக்கிறது. இந்தச் சட்டப் பின்னணி தெரியாமல் படித்தால் திகில் பாதியாகக் குறைந்துவிடும். அந்தப் பின்னணியைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

ஒரு எச்சரிக்கை. 1860-ல் நாவல் நூலாக வந்தபோது, கதையை முன்கூட்டியே சொல்லி வாசகரின் ஆவலைக் கெடுக்காதீர்கள் என்று காலின்ஸ் முன்னுரையிலேயே விமர்சகர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை இங்கே பாதிதான் மதிக்க முடியும். லாராவுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லாமல் சட்டத்தை விளக்க முடியாது. ஆனால் கணவன் சர் பெர்சிவல் மூடிமறைக்கும் சொந்த ரகசியம் என்ன என்பதைத் தொடப்போவதில்லை.

கதை, சுருக்கமாக

ஓவியம் சொல்லிக்கொடுக்கும் இளைஞன் வால்டர் ஹார்ட்ரைட், நள்ளிரவில் ஹாம்ப்ஸ்டெட் பக்கமிருந்து லண்டனுக்கு நடந்து வருகிறான். ஆளரவமற்ற சாலை. பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளைத் தொடுகிறது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்திய ஒரு பெண், லண்டனுக்கு வழி இதுதானா என்று கேட்கிறாள். அவளை ஒரு வாடகை வண்டியில் ஏற்றிவிடுகிறான். சற்று நேரத்தில் வேறொரு வண்டியில் வந்த இருவர், வெள்ளை உடுத்திய பெண்ணைப் பார்த்தாயா, எங்கள் அசைலத்திலிருந்து (மனநோயாளிகளை அடைத்துவைக்கும் விடுதி) தப்பிவிட்டாள் என்று போலீஸ்காரரிடம் விசாரிப்பது அவன் காதில் விழுகிறது. அவள்தான் ஆன் கேத்தரிக்.

வால்டர் அடுத்து வேலைக்குப் போகும் இடம் கம்பர்லாந்தில் உள்ள லிம்மரிட்ஜ் மாளிகை. அங்கே இருப்பவள் லாரா ஃபேர்லி. ஆன் கேத்தரிக்கின் அச்சு அசல். வால்டரும் லாராவும் காதலிக்கிறார்கள். ஆனால் சாகும் தறுவாயில் தகப்பனார் விரும்பினார் என்பதற்காக லாரா சர் பெர்சிவல் கிளைடைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பெர்சிவலுக்குக் கழுத்துவரை கடன். அவனுடைய கூட்டாளி இத்தாலியக் கனவான் கவுண்ட் ஃபோஸ்கோ, லாராவின் அத்தையைக் கட்டியவர். இருவருமாகச் சேர்ந்து லாராவையும் ஆனையும் இடம் மாற்றிவிடுகிறார்கள். இதய நோயில் இறக்கும் ஆன், லாராவின் பெயரில் புதைக்கப்படுகிறாள். லாரா, ஆனின் பெயரில் அசைலத்தில் அடைக்கப்படுகிறாள்.

மனைவி என்றால் சட்டத்தின் கண்ணில் யார்?

முதலில் புரியவேண்டியது ‘கவர்ச்சர்’ என்ற கோட்பாடு. கல்யாணமானதும் கணவனும் மனைவியும் சட்டத்தில் ஒரே ஆள், அந்த ஆள் கணவன் என்பதே இதன் சாரம். மணவாழ்க்கை நீடிக்கும்வரை பெண்ணின் சட்ட இருப்பே நிறுத்திவைக்கப்படுகிறது என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் 1765-ல் எழுதினார். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அதுதான் பாடம். நடைமுறையில் இதன் பொருள்:

1. மனைவியின் ரொக்கம், நகை, சாமான்கள் கல்யாண நாளிலேயே கணவனுடையவை ஆகிவிடும். அதன்பின் அவள் சம்பாதிப்பதும் அவனுடையதே.

2. அவளுக்கு நிலம் இருந்தால், அவள் சம்மதமில்லாமல் விற்க முடியாது. ஆனால் வாடகை, குத்தகை எல்லாம் அவன் கைக்குப் போகும்.

3. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. வழக்கும் தொடுக்க முடியாது.

காலின்ஸ் இந்தக் கோட்பாட்டை விரிவுரையாகச் சொல்வதில்லை. ஒரு நூலக அறைக் காட்சியில் வைத்துக் காட்டுகிறார். பெர்சிவல் ஒரு பத்திரத்தில் லாராவிடம் கையெழுத்துக் கேட்கிறான். பத்திரம் மடித்துவைக்கப்பட்டிருக்கிறது, கையெழுத்துப் போடவேண்டிய இடம் மட்டும்தான் வெளியே தெரிகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமல் போடமாட்டேன் என்கிறாள் லாரா. சாட்சிக் கையெழுத்துக்கு ஃபோஸ்கோவையும் அவர் மனைவியையும் அழைத்திருக்கிறான். அப்போது ஃபோஸ்கோ மிகப் பணிவாக ஒரு ஆட்சேபம் கிளப்புகிறார். நானும் என் மனைவியும் சேர்ந்து சாட்சி போடக்கூடாது. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே அபிப்பிராயம்தான், அது என்னுடைய அபிப்பிராயம் என்கிறார். அந்த அத்தை பக்கத்தில்தான் இருக்கிறாள். ஒரு காலத்தில் பெண்ணுரிமை பேசி வாயாடியவள், இப்போது கணவருக்குச் சிகரெட் சுருட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கவர்ச்சருக்கு இதைவிடத் தெளிவான பொழிப்புரை எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடைக்காது.

சரி, மனைவியின் பணமெல்லாம் கணவனுடையதுதானே, பின்னே எதற்கு அவள் கையெழுத்து? இங்கேதான் ‘செட்டில்மென்ட்’ வருகிறது.

செட்டில்மென்ட்: லாராவின் உயிருக்கு விலை போட்ட காகிதம்

பணக்காரக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அப்படியே கவர்ச்சருக்குப் பலி கொடுத்துவிடவில்லை. டிரஸ்ட், சொத்து விவகாரங்களைக் கவனித்த சான்சரி நீதிமன்றம் ஒரு மாற்றுவழியை ஏற்றுக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே பத்திரம் எழுதி, பெண்ணின் பணத்தை டிரஸ்டிகள் பெயரில் பூட்டிவைக்கலாம். அந்தப் பணம் கணவன் கைக்கு நேரடியாகப் போகாது, அதை வைத்துக் கடன் வாங்கவும் மனைவியின் கையெழுத்து தேவைப்படும். பெர்சிவல் மடித்த பத்திரத்தை நீட்டியது அதற்குத்தான். ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுக்க அந்தப் பத்திரத்தின் வாசகங்களைப் பொறுத்தது. வாசகத்தில் ஓட்டை விழுந்தால் சட்டம் திரும்பிப் பார்க்காது.

நாவலில் குடும்ப வக்கீல் கில்மோர் சொல்லும் பகுதி முழுக்க இந்தப் பத்திரத்தைப் பற்றியது. கணக்கு வழக்கு என்று பலர் தாண்டிப்போகும் பகுதி இதுதான். உண்மையில் சதிக்கான காரணம் இங்கேதான் எழுதப்படுகிறது. லாராவுக்கு உரியவை மூன்று:

1. சித்தப்பா பிரடெரிக் ஃபேர்லி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தால் எஸ்டேட்டிலிருந்து ஆயுள்வரை வரக்கூடிய வருமானம், வருடத்துக்கு 3,000 பவுன்.

2. அவளுக்கு 21 வயது ஆனதும் கைக்கு வரும் 20,000 பவுன்.

3. இன்னொரு 10,000 பவுனின் வட்டி. அவள் இறந்தால் அசல் அத்தைக்குப் போகும். அத்தை என்றால் ஃபோஸ்கோவின் மனைவி, அதாவது ஃபோஸ்கோ.

சண்டை இரண்டாவது தொகையைப் பற்றியது. கில்மோர் எழுதிய வரைவின்படி வட்டி லாராவின் ஆயுள்வரை லாராவுக்கு, பிறகு பெர்சிவலின் ஆயுள்வரை அவனுக்கு. அசல் பிள்ளைகளுக்கு. பிள்ளை இல்லையென்றால் லாரா உயிலில் யாருக்கு எழுதுகிறாளோ அவர்களுக்கு. பெர்சிவலின் வக்கீல் கடைசி வரியை மட்டும் அடித்தார். பிள்ளையில்லாமல் லாரா முதலில் இறந்தால் அசல் முழுவதும் கணவனுக்கு என்று மாற்றி எழுதினார். கில்மோர் ஒப்புக்கொள்ள மறுத்தார். ஆனால் லாராவுக்கு 21 ஆகச் சில மாதங்கள் பாக்கி இருந்தன. கார்டியன் சித்தப்பாதான். தன் நரம்புகள் பலவீனமானவை என்று ஊரை நம்பவைத்து, சேகரித்த ஓவியங்களுக்கு நடுவே சாய்ந்து கிடக்கும் அந்த மனிதர் கேட்ட கேள்வி: 21 வயதுப் பெண் 45 வயது ஆணுக்கு முன்னால், பிள்ளையும் இல்லாமல், செத்துப்போவாளா என்ன? இதற்கு எதற்கு இவ்வளவு தொந்தரவு?

அந்தக் கையெழுத்தோடு லாராவின் சாவு 20,000 பவுன் மதிப்புள்ளதாகிவிட்டது. என் சொந்த மகளாக இருந்தால் இப்படி ஒரு பத்திரத்தின்கீழ் யாருக்கும் கட்டிக்கொடுத்திருக்க மாட்டேன் என்று கில்மோர் தன் பகுதியை முடிக்கிறார். பிறகு ஓர் இரவில் லாராவின் அக்கா மரியன், கூரையில் ஒளிந்திருந்து பெர்சிவலும் ஃபோஸ்கோவும் பேசுவதைக் கேட்கிறாள். மனைவி உயிரோடு இருந்தால் அவள் கையெழுத்தால் கடனை அடைப்பாய், செத்தால் அவள் சாவால் அடைப்பாய் என்று ஃபோஸ்கோ கணக்கை இரண்டு வரியில் சொல்லி முடிக்கிறார். வாசகருக்கு முதுகு சில்லிடுவது வார்த்தைகளின் கொடூரத்தால் மட்டுமில்லை, கில்மோரின் பத்திரத்தில் ஏற்கெனவே படித்த வாசகம்தான் இது என்பதாலும்தான்.

கிளம்பிப் போயிருக்கலாமே?

கதை நடப்பது 1849-50. அன்றைய நிலவரம் இது. கணவனைவிட்டு ஓடிய மனைவியை அவன் பிடித்து வீட்டில் பூட்டிவைக்கலாமா என்ற கேள்வி 1840-ல் காக்ரேன் வழக்கில் நீதிமன்றத்துக்கே வந்தது. பல வருடங்களாகப் பிரிந்து வாழ்ந்த மனைவியைக் கணவர் தந்திரமாக வரவழைத்து அடைத்துவைத்திருந்தார். தன்னை விடுவிக்கக் கோரி மனைவி ஆட்கொணர்வு மனு போட்டார். கணவனுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று சொல்லி நீதிபதி மனுவைத் தள்ளிவிட்டார். இந்த நிலை 1891-ல் ஜாக்சன் வழக்கு வரும்வரை தெளிவாக மாறவில்லை.

விவாகரத்து? 1858-க்கு முன் முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். அப்படி வாங்கிய பெண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 1857-ல் வந்த சட்டம் விவாகரத்து நீதிமன்றத்தை உருவாக்கியது. ஆனாலும் கணவனுக்கு மனைவியின் சோரம் ஒன்றே போதும். மனைவிக்கோ கணவனின் சோரத்தோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொரு குற்றமும் சேர வேண்டும். வெறும் கொடுமையைக் காட்டி விவாகரத்துக் கிடைக்காது.

பெர்சிவல் லாராவை அறையில் பூட்டும்போது மரியன் கொதித்துப்போய், பெண்களைக் கொடுமையிலிருந்து காக்க இங்கிலாந்தில் சட்டங்கள் இருக்கின்றன என்கிறாள். நாவலிலேயே மிகவும் துணிச்சலான பெண் பேசும் துணிச்சலான வசனம். காக்ரேன் வழக்கு நினைவிருக்கிற வாசகருக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கும்.

அசைலம்: இரண்டு மருத்துவர், ஒரு கையெழுத்து

இன்றைய வாசகருக்கு எல்லாவற்றையும்விட நம்பமுடியாததாகத் தோன்றும் பகுதி இது. 1845-ன் மனநோயாளர் சட்டப்படி, காசு கொடுத்துச் சேர்க்கப்படும் தனியார் நோயாளி விஷயத்தில் தேவைப்பட்டவை:

1. உறவினரோ நண்பரோ கையெழுத்திட்ட ஒரு கோரிக்கைப் படிவம்.

2. தனித்தனியாகப் பார்த்த இரண்டு மருத்துவர்களின் சான்றிதழ்கள். சேர்ப்பதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் பார்த்திருக்க வேண்டும்.

3. சேர்த்தபின் லண்டனில் உள்ள மனநல ஆணையத்துக்கு நகல்கள்.

நீதிபதியோ மாஜிஸ்திரேட்டோ பார்க்க வேண்டியதில்லை. அரசுச் செலவில் சேர்க்கப்படும் ஏழை நோயாளிக்கு மாஜிஸ்திரேட் போன்ற ஓர் அதிகாரியின் உத்தரவு கட்டாயம், பணம் கட்டிச் சேர்க்கப்படுபவருக்கு அது இல்லை. வசதியான வீட்டுப் பெண்ணை உள்ளே தள்ளுவதுதான் சுலபமாக இருந்தது.

ஃபோஸ்கோ செய்ததும் இதே மூன்று படிகள்தான். லண்டனில் ஒரு வீட்டில் லாராவை இரண்டு அந்நியர்கள் வந்து பார்க்கிறார்கள், ஏதோ விசித்திரமான கேள்விகள் கேட்கிறார்கள், போகிறார்கள். தேவையான சான்றிதழ்கள் தயார். அசைலத்தில் பழைய ஆன் கேத்தரிக் திரும்பி வந்ததாகப் பதிவு ஆகிறது. ஆளிடம் சில மாற்றங்கள் தெரிகின்றனவே என்று நிர்வாகிக்கே தோன்றுகிறது. மனநோய் முற்றினால் தோற்றமும் மாறும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். நான் லேடி கிளைட் என்று லாரா அழும்போது, நர்ஸ் அவள் போட்டிருக்கும் துணியையே எடுத்துக்காட்டுகிறாள். அதில் மை கொண்டு எழுதியிருக்கிறது: ஆன் கேத்தரிக். உன் துணியில் உன் பெயர் இருக்கிறது பார், இனிமேல் எங்களைப் படுத்தாதே. அந்த நர்ஸ் கொடுமைக்காரி இல்லை. அதுதான் பயங்கரம். நான் பைத்தியமில்லை என்று சொல்வதும் நோயின் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளப்படும் இடத்தில் நல்லவர்களின் அன்பால் என்ன பயன்?

இது கற்பனை மிகை என்று அன்றைய வாசகர் நினைத்திருக்க வழியில்லை. தொடர் தொடங்குவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 1858 ஜூனில், ரோசினா புல்வர் லிட்டன் வழக்கு நாட்டையே உலுக்கியிருந்தது. கணவர் எட்வர்ட் புல்வர் லிட்டன் பிரபல நாவலாசிரியர், அப்போது குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர். பிரிந்து வாழ்ந்த ரோசினா, ஹெர்ட்ஃபோர்டில் அவருடைய தேர்தல் மேடைக்கே போய் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கிழித்தெடுத்தார். சில நாட்களில் சான்றிதழ்கள் தயாராகி, ரோசினா பிரெண்ட்ஃபோர்டில் ஒரு தனியார் விடுதியில் அடைக்கப்பட்டார். பத்திரிகைகள் கொந்தளித்தன. மூன்று வாரம் போலக் கழிந்து அவரை வெளியே விட வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் இதுபோன்ற வேறு சில வழக்குகளும் வெளிவந்தன. 1859-ல் நாடாளுமன்றக் குழு விசாரணையும் தொடங்கியது. (காலின்ஸின் தொடர் வந்த அதே பத்திரிகையில் 1861-ல் இந்த எட்வர்ட் புல்வர் லிட்டனும் ஒரு தொடர் எழுதினார் என்பது இலக்கிய உலகம் எவ்வளவு சின்னது என்பதற்குச் சான்று.)

காலின்ஸுக்கு உள்விவரம் தெரிந்த நண்பர்களும் இருந்தார்கள். நாவலை அவர் காணிக்கையாக்கியது பிரையன் வாலர் புரோக்டருக்கு. கவிஞர், கூடவே மனநல ஆணையத்தின் உறுப்பினர். கதைக்கரு இன்னொரு இடத்திலிருந்து வந்தது. சார்லஸ் டிக்கன்ஸோடு பாரிஸ் தெருக்களில் சுற்றியபோது பழைய பிரெஞ்சு வழக்குகளின் தொகுப்பு ஒன்று காலின்ஸ் கையில் சிக்கியது. அதில் துஓ சீமாட்டியின் வழக்கு இருந்தது. 1780-களின் இறுதியில் மயக்க மருந்து கொடுக்கப்பட்டு, வேறு பெயரில் பாரிஸ் சால்பெட்ரியேர் விடுதியில் அடைக்கப்பட்ட பெண் அவர். வெளியே வந்த பிறகும் தான்தான் அந்தச் சீமாட்டி என்று கடைசிவரை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியவில்லை.

நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு என்ன ஆதாரம்?

மரியன், நர்ஸுக்கு 400 பவுன் கொடுத்து லாராவைத் தப்பவைக்கிறாள். சட்டம் இந்த இடத்திலும் உதவவில்லை என்பதைக் கவனியுங்கள். அக்கா தன் சேமிப்பை விற்றுக் கொடுக்கும் லஞ்சம்தான் உதவுகிறது. அப்புறம் வழக்குப் போடலாமே என்று வால்டர் வக்கீல் கர்லைப் பார்க்கிறான். வழக்கின் நிழல்கூட உன்னிடம் இல்லை என்கிறார் அவர். காரணத்தை எதிர்த்தரப்பின் இடத்தில் நின்று பாருங்கள். மருத்துவர் கொடுத்த இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புப் பதிவு 1837-லிருந்தே நடைமுறையில் உண்டு. சவ அடக்கம் நடந்திருக்கிறது, அத்தையே சாட்சி. தாய் கல்லறையில் லாராவின் பெயர் பொறித்த கல் நிற்கிறது. சித்தப்பா நேரில் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை என்கிறார். இந்தப் பக்கம் இருப்பது அசைலத்திலிருந்து ஓடிவந்த, நினைவு குழம்பிய ஒரு பெண்ணின் பேச்சு. அடையாள அட்டை, கைரேகை எதுவும் கிடையாத காலம். காகிதம் எது சொல்கிறதோ அதுவே ஆள்.

காகிதத்தைக் காகிதத்தால்தான் வெல்ல முடியும். லேடி கிளைட் இறந்ததாகச் சான்றிதழ் சொல்லும் தேதி 1850 ஜூலை 25. லாரா கணவன் வீட்டிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது 26 என்று நிரூபித்துவிட்டால் போதும், செத்த மறுநாள் யாரும் ரயில் ஏற முடியாது. நாவலின் கடைசி மூன்றிலொரு பங்கு இந்த ஒற்றை நாளைத் தேடுவதுதான்.

இந்த இடத்தில் வாசகர்களின் பங்கைச் சொல்லியாக வேண்டும். நூல் வெளிவந்த சில வாரங்களில், 1860 அக்டோபரில், ‘தி டைம்ஸ்’ விமர்சகர் நாவலின் தேதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு குண்டைப் போட்டார். கதைக்குள் சொல்லப்பட்ட மற்ற தேதிகளை வைத்துப் பார்த்தால் லாரா ஆகஸ்டு 9 அல்லது 10-க்கு முன் கிளம்பியிருக்கவே முடியாது, ஆக மொத்தம் இரண்டு வாரம் உதைக்கிறது. எந்தத் தேதியின்மேல் முழுக்கதையும் நிற்கிறதோ அந்தத் தேதியே தவறு. விமர்சகர் சொல்வது சரிதான் என்று காலின்ஸ் பதிப்பாளருக்குத் தனிப்பட எழுதினார். ஷேக்ஸ்பியர் இதைவிடப் பெரிய தவறுகள் செய்திருக்கிறார் என்று ஆறுதலும் சொல்லிக்கொண்டார். 1861 பதிப்பில் தேதிகளைத் திருத்தினார். இன்று நாம் படிப்பது அந்தத் திருத்திய வடிவம்.

தேதியைக் கூட்டிப் பார்க்கும் வாசகர் எப்படி உருவானார்?

நாவலின் முதல் பக்கத்திலேயே காலின்ஸ் விதியைச் சொல்லிவிடுகிறார். நீதிமன்றத்தில் ஒரு குற்றம் பல சாட்சிகளின் வாயால் சொல்லப்படுவதுபோல இந்தக் கதை பல பேரால் சொல்லப்படும். அதோடு ஒரு குத்தலும் உண்டு: சட்டம் இன்னும் சில சமயங்களில் பெரிய பணப்பைக்கு முன்கூட்டியே வேலைக்கு அமர்ந்த ஆளாகத்தான் இருக்கிறது, ஆகவே நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய கதை வாசகரிடம் வருகிறது. வால்டர், கில்மோர், மரியனின் டைரி, வீட்டு மேற்பார்வைக்காரி, எழுதப் படிக்கத் தெரியாத சமையற்காரி சொல்லச்சொல்ல எழுதிய வாக்குமூலம், கடைசியில் ஒரு கல்லறை வாசகம் கூட வரிசையில் வந்து சாட்சி சொல்கிறது. அந்தக் கல் பொய் சொல்கிறது என்பதை வாசகர் பிறகுதான் தெரிந்துகொள்கிறார். இப்படி ஜூரி இருக்கையில் உட்காரவைக்கப்பட்டவர் தேதியைச் சரிபார்க்காமல் என்ன செய்வார்?

இந்த உத்தியின் உச்சம் மரியனின் டைரி. மழையில் நனைந்து காய்ச்சலில் விழும்வரை அவள் எழுதுகிறாள், எழுத்துகள் குழறி நின்றுபோகின்றன. அடுத்த வரியில் வேறு ஒருவரின் கையெழுத்து தொடங்குகிறது. ஃபோஸ்கோ அந்த டைரியை முழுக்கப் படித்துவிட்டு, மிக அருமையான எழுத்து என்று பாராட்டிக் கீழே குறிப்பு எழுதியிருக்கிறார். ஒரு பெண்ணின் அந்தரங்க டைரியை வாசகரும் அதுவரை படித்துக்கொண்டுதானே இருந்தார். ஃபோஸ்கோவோடு தன்னையும் ஒரே வரிசையில் பார்க்கும்போது வரும் கூச்சத்தை, என் கணிப்பில், அந்த நூற்றாண்டின் வேறெந்த மர்மக் கதையும் இவ்வளவு சிக்கனமாகக் கொண்டுவரவில்லை.

தொடர்கதை என்ற வடிவமும் சேர்ந்துகொண்டது. டிக்கன்ஸின் ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் 1859 நவம்பர் 26 முதல் 1860 ஆகஸ்டு 25 வரை 40 வாரம் வந்தது. இதழின் விலை 2 பென்ஸ்தான். மூன்று தொகுதியாக வரும் நாவலின் வழக்கமான விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். ஆகவே பிரபுவும் கடைக் குமாஸ்தாவும் ஒரே வாரத்தில் ஒரே அத்தியாயத்தில் தவித்தார்கள். வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்து பைண்டு செய்து வைத்த தமிழ் வீடுகளுக்கு இந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை.

நிதியமைச்சராக இருந்த கிளாட்ஸ்டோன், இந்த நாவலை விட மனமில்லாமல் நாடகம் பார்க்கப் போகாததைத் தன் டைரியில் குறித்திருக்கிறார். கவிஞர் எட்வர்ட் ஃபிட்ஜெரால்டுக்குத் தன் படகுக்கு மரியன் ஹால்கோம்ப் என்று பெயர் வைக்கும் ஆசை வந்தது. மரியன் யாரைப் பார்த்து எழுதப்பட்டவள், அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஆண்கள் காலின்ஸுக்குக் கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். உதட்டுக்குமேல் மீசை அரும்பியவள், அழகில்லாதவள் என்று ஆசிரியர் அடித்துச் சொன்ன பாத்திரம் அது. நாவலின் பெயரில் வாசனைத் திரவியம், தொப்பி, வால்ட்ஸ் இசை எல்லாம் சந்தைக்கு வந்தன. சர் பெர்சிவலின் ரகசியம் என்ன என்று பந்தயம் கட்டியவர்களும் உண்டாம்.

விமர்சகர்கள் ஏன் பயந்தார்கள்?

இந்த வகைக்கு ‘சென்சேஷன் நாவல்’ என்று பெயர் விழுந்தது. பேயும் பாழடைந்த கோட்டையும் தேவைப்படாத திகில். நடுத்தர வர்க்க வீட்டின் வரவேற்பறையிலேயே குற்றம் நடக்கும். எழுத்தாளர் மார்கரெட் ஆலிஃபண்ட் 1862-ல், அந்த நள்ளிரவுச் சாலையில் தோளில் விழும் கையைப் பாராட்டி எழுதினார், ஆனால் இந்த வகை எங்கே போய் நிற்குமோ என்று கவலையும் பட்டார். 1863-ல் தத்துவப் பேராசிரியர் ஹென்றி மான்செல், இவை அறிவுக்கு அல்ல, நரம்புகளுக்கு உபதேசம் செய்கின்றன என்று சாடினார். 1865-ல் ஹென்றி ஜேம்ஸ், நம் வாசற்படியிலேயே இருக்கும் மர்மங்களைப் புனைகதைக்குள் கொண்டுவந்த பெருமை காலின்ஸுக்கு உண்டு என்றார்.

மூவரில் ஜேம்ஸ் சொன்னதே விஷயத்துக்குக் கிட்டே வருகிறது. இருந்தாலும் வாசற்படி என்பது போதாது. புதிய விவாகரத்து நீதிமன்றத்தின் வழக்கு விவரங்களைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக அச்சிட்டுக்கொண்டிருந்தன. தொடர் முடிய எட்டு வாரம் இருக்கும்போது, 1860 ஜூன் 30 அதிகாலையில், ரோட் ஹில் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை கொல்லப்பட்ட செய்தி வந்தது, சந்தேகம் குடும்பத்தார்மேலேயே விழுந்தது. காலை உணவு மேசையில் பத்திரிகையும் தொடர்கதையும் ஒரே விஷயத்தைப் பேசின. விமர்சகர்களின் நடுக்கத்துக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு சட்டம் எப்படி மாறியது?

ஒரு நாவலால் சட்டம் மாறியது என்று சொல்வது மிகை. மனைவியின் சொத்துரிமைக்கான மனு இயக்கம் 1850-களிலேயே தொடங்கிவிட்டது. மாற்றங்கள் மெதுவாக வந்தன:

1. 1870: மனைவி சம்பாதித்த பணம் அவளுடையதே என்றது சட்டம்.

2. 1882: கல்யாணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்திருக்கலாம், தன் பெயரில் வழக்குத் தொடுக்கலாம். 1883 ஜனவரி 1 முதல் அமல்.

3. 1890: தனியார் நோயாளியை அசைலத்தில் சேர்க்கவும் நீதித்துறை உத்தரவு கட்டாயம்.

லாராவை விழுங்கிய இரண்டு சட்டங்களும் ஒன்றோடொன்று மோதிய உண்மை வழக்கு ஒன்று உண்டு. பாடகி ஜார்ஜினா வெல்டன், கணவரைப் பிரிந்து லண்டன் டேவிஸ்டாக் ஹவுஸில் வாழ்ந்தார். டிக்கன்ஸ் முன்பு குடியிருந்த வீடு அது. காலின்ஸின் இரண்டு நாடகங்கள் அங்கேதான் முதலில் அரங்கேறின. 1878-ல் தர்ம காரியம் விசாரிப்பவர்கள்போல வேஷமிட்டு மருத்துவர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். அடுத்து அசைலத்து ஆட்கள் வந்தார்கள். ஜார்ஜினா தப்பி ஓடினார். சான்றிதழுக்கு ஏழு நாள்தான் ஆயுள் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த ஏழு நாள் முடியும்வரை தலைமறைவாக இருந்தார். ஆனால் மருத்துவர்கள்மேல் வழக்குப் போட முடியவில்லை. கல்யாணமானவர் என்பதால் அவர் பெயரில் வழக்கே நிற்காது. 1882-ன் சட்டம் அமலுக்கு வந்ததும் சட்டப் புத்தகங்களை வாங்கித் தானே படித்து, தானே வாதாடினார். 1884-ல் சான்றிதழ் கொடுத்த மருத்துவர் செம்பிள்மேலும், அசைலத்தை நடத்திய ஃபோர்ப்ஸ் வின்ஸ்லோமேலும் நஷ்டஈட்டுத் தீர்ப்பு வாங்கினார்.